பொற்பலகையும் சுருதிப்பெட்டியும்

பொத்தானை அமத்தினால் சுருதி, இன்னொன்றை அமத்தினால் தாளம். இதில் பக்திக்கு என்ன வேலை? பாரிசின் லாச்சப்பல் கோயில்களிலும், பொபினி, லாகூர்னேவ் பக்கத்து மண்டபங்களில் நடக்கும் பண்ணிசை வகுப்புகளிலும் மின்னிசைக் கருவிகளைப் பார்க்கும் பெரியவர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு அடியில் சொல்லப்படாத ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. வழிபாட்டின் பெறுமதி அதற்காகப் பட்ட சிரமத்தில் இருக்கிறது, கருவி இலகுவானால் வழிபாடும் மலிந்துவிடும் என்ற நம்பிக்கை அது. காவடியும், பாதயாத்திரையும், விடியமுன் எழும்பிச் செய்யும் சாதகமும் அதற்குச் சாட்சி சொல்ல வரும். அந்தச் சாட்சியை மறுக்காமலே இன்னொன்றைச் சொல்லலாம். கருவியைக் கையாள்வதில் உள்ள எளிமை பக்திக்குப் பகையாகாது. சைவ மரபு அந்த எளிமையை அருளின் ஒரு வடிவமாகவே கண்டிருக்கிறது. பகையாவது, கேட்கும் காதையும் தீர்மானிக்கும் மனத்தையும் வேலையில்லாமல் ஆக்கிவிடும் எளிமை. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால், கோயிலுக்கு எந்தக் கருவியை வாங்குவது, எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது என்ற நடைமுறைக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

சான்றைப் பெரியபுராணத்திலிருந்தே தொடங்கலாம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக்குப் போய்ச் சொக்கநாதர் முன்னிலையில் நிலத்தில் இருந்து யாழ் வாசிக்கிறார். அப்போது வானில் ஒரு குரல் எழுகிறது. தரையின் ஈரம் ஏறினால் யாழின் நரம்பு தளர்ந்துவிடும், ஆகவே பாணருக்குப் பொன்னால் ஆன பலகை இடுங்கள் என்கிறது. சேக்கிழார் இங்கே சொல்வதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இறைவன் பாணரின் பக்தியைச் சோதிக்கவில்லை. ஈரத் தரையில் இருந்து, நரம்பு தளரத் தளர மீண்டும் முறுக்கிக் கட்டி வாசித்தால்தான் அன்பு நிரூபணமாகும் என்று நினைக்கவில்லை. இசைக்கு வெளியே இருந்து வந்து இசையைக் கெடுக்கும் ஒரு தொல்லையைக் கண்டுபிடித்து, அதை மட்டும் நீக்குகிறார். நரம்பின் இயல்பு, காற்றின் ஈரம், வாசிப்பவர் இருக்கும் உயரம் என்ற மூன்றையும் சேர்த்து யோசித்த ஒரு தீர்வு அந்தப் பலகை. அதே பாணர் திருவாரூருக்குப் போனபோது அவருக்காக வடதிசையில் வேறொரு வாசல் வகுக்கப்பட்டது என்றும் புராணம் சொல்கிறது. வாசல் என்றால் என்ன என்பதை, வதிவிட அட்டைக்காகப் பொபினிப் பிரெபெக்துர் வாசலில் வரிசை நின்ற சமூகத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பச்சிலை ஒன்றே வழிபாட்டுக்குப் போதும் என்ற திருமூலரின் நோக்கும் இதே திசையில்தான் நிற்கிறது. வழிபாடு எல்லோர் கைக்கும் எட்ட வேண்டும் என்பது இந்த மரபின் ஓரத்தில் கிடக்கும் சலுகை அல்ல. அதன் நடுவில் நிற்கும் கொள்கை.

இப்போது தம்புராவைப் பார்ப்போம். பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்று நான்கு தந்திகள். பிருடையைத் திருகிக் கிட்டக் கொண்டுவந்து, மணிக்காயை நகர்த்தி நுணுக்கமாகச் சேர்த்து, கடைசியாகக் குதிரைக்கும் தந்திக்கும் இடையில் ஜீவா நூலை மயிரிழை அளவுக்கு முன்னும் பின்னும் தள்ளினால், ஓரிடத்தில் தந்தி திடீரென்று விரிந்து பாடத் தொடங்கும். இதில் இரண்டு வகைச் சிரமங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, காது அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது. இது இசைக்குள் இருக்கும் சிரமம், இதை நீக்கினால் இசையின் ஒரு பகுதியும் கூடவே போய்விடும். மற்றது, நாலடி நீளமான தம்புராவை எங்கே சாத்தி வைப்பது, குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி காற்றை உலர்த்திப் பிருடையைத் தளர்த்துவதை எப்படிச் சமாளிப்பது, கச்சேரிக்குத் துணையாக மீட்ட ஆளுக்கு எங்கே போவது என்பது. இது இசைக்கு வெளியே இருக்கும் சிரமம். பொபினித் தொடர்மாடி ஒன்றில், கூடமே படுக்கையறையாகவும் இருக்கும் வீட்டில், இரண்டாவது வகைச் சிரமமே பிள்ளை பாடப் பழகுவதை நிறுத்திவிடப் போதும். பெங்களூரில் வானூர்திப் பொறியாளராகவும் புல்லாங்குழல் கலைஞராகவும் இருந்த ஜி. ராஜ் நாராயண் 1979இல் மின்தம்புராவைச் செய்து, ராடெல் நிறுவனத்தின் மூலம் அதைப் பரப்பினார். அது நீக்கியது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைச் சிரமத்தை. பையில் போட்டுக்கொண்டு மெத்ரோவில் போகலாம். ஒலியைக் குறைக்கும் திருகு இருப்பதால், இரவு பத்து மணிக்குப் பிறகு அயல்வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்காமலும் பாடலாம்.

சுருதிப்பெட்டி என்று நாம் சொல்லும் அந்த மின்தம்புராவின் முகப்பே ஒரு பாடம். சுருதியைத் தெரிய ஒரு திருகு, நுணுக்கமாகச் சேர்க்க ஒரு திருகு, ஒலிக்கு ஒன்று, தந்தி மீட்டும் வேகத்துக்கு ஒன்று, பஞ்சமமா மத்திமமா என்று மாற்ற ஒரு வழி. பழைய பெட்டிகளில் அவ்வளவுதான். பாடுபவர் ஏற்கெனவே வாயால் கேட்கும் கேள்விகள் எவையோ அவை மட்டுமே அதில் இருக்கின்றன. "அஞ்சு கட்டையிலே வையுங்கோ" என்று சொல்லிப் பழகியவருக்கு அந்தப் பெட்டியைப் பழக்க ஒருவர் வந்து வகுப்பு எடுக்கத் தேவையில்லை. பிரெஞ்சு வாசிக்கத் தெரியாத பாட்டியும், தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பேத்தியும் ஒரே திருகைத் தொடலாம். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 இதற்கு நேரெதிர். ஒலியை உருவாக்கும் திறனில் அது ஒரு புரட்சி. ஆனால் சின்னஞ்சிறு திரையில் ஒவ்வோர் அளவாகத் தேடித் திருத்த வேண்டியிருந்ததால், வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் தொழிற்சாலையில் ஏற்றிவைத்த ஒலிகளையே வாசித்தார்கள். அந்தப் பத்தாண்டின் பாட்டுகள் பல ஒரே குரலில் பேசுவது அதனால்தான். கையாளக் கடினமான கருவி மனிதனைக் கலைஞனாக்கும் என்பது பொதுவிதி இல்லை. பல வேளைகளில் அது அவனை வேறொருவர் எடுத்துவைத்த முடிவுகளுக்குள் தள்ளிவிடுகிறது.

இந்த வாக்குவாதம் புதியதும் இல்லை. அதன் ஒரு நுனி பாரிசிலேயே இருக்கிறது. ஆர்மோனியத்துக்கு 1840இல் பாரிசில் காப்புரிமை பெற்றவர் அலெக்சாந்திர் தெபேன். காலால் மிதித்துக் காற்றூட்டி, கதிரையில் இருந்து வாசிக்கும் தளபாடம் அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதை நிலத்தில் வைத்து, ஒரு கையால் துருத்தி அமத்தி மறு கையால் வாசிக்கும் சிறு பெட்டியாக மாற்றினார். நிலத்தில் சம்மணமிட்டு இருக்கும் உடலுக்கு ஏற்ற அந்த ஒரு மாற்றம், பஜனை மடத்திலிருந்து யாழ்ப்பாணத்து இசை நாடகக் கொட்டகை வரை அந்தக் கருவியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை ஆர்மோனியம் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? ஆனால் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971 வரை அந்தத் தடை தளரவில்லை. தடை சொன்ன காரணத்தை அசட்டை செய்ய முடியாது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையில் ஆர்மோனியத்தில் ஒன்றுமில்லை. நம்முடைய ராகமோ அந்த இடைவெளிகளில்தான் உயிர் வாழ்கிறது. அந்தக் குறை உண்மை. ஆனால் குறை எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். நிலத்தில் வைத்து எளிதாக வாசிக்கலாம் என்பதில் அது இல்லை; பன்னிரண்டு கட்டைகளுக்குள் ஸ்வரங்களை முன்கூட்டியே அடைத்துவைத்ததில் இருந்தது. தடை போட்டவர்களும் அதை எதிர்த்தவர்களும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் சச்சரவு முப்பது ஆண்டு இழுத்தது.

எளிமைக்கு எதிரான வலுவான வாதம் கற்பவரைப் பற்றியது. சுருதிப்பெட்டியோடு வளரும் பிள்ளைக்குச் சுருதி என்பது எப்போதும் தயாராகக் கிடைக்கும் ஒன்று. தம்புராவைச் சேர்த்துப் பழகிய தலைமுறையின் காது அதற்கு வாய்க்காது என்பார்கள். இதில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தந்தியைச் சேர்க்கும் அந்தச் சில நிமிடங்களே ஒரு தியானம். பாட்டுக்கு முன்னால் மனம் அடங்குவதும், அவையோர் பேச்சை விடுவதும் அங்கேதான். ஆனால் இதற்குப் பரிகாரம் பெட்டியைத் தூக்கி எறிவதில் இல்லை; பெட்டி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. நுணுக்கத் திருகு முகப்பிலேயே, விரலுக்கு எட்டும் இடத்தில் இருந்தால், பாடுபவர் வயலினோடும் நாதஸ்வரத்தோடும் ஒத்துப் பார்த்து மெல்லத் திருப்பிச் சேர்க்கிறார். காதுக்கு வேலை இருக்கிறது. அதே திருகைத் திரைக்குள் நாலாம் பக்கத்தில் ஒளித்துவைத்துவிட்டு, "5" என்று ஒரு பொத்தானை மட்டும் வெளியே வைத்தால், எண் சரியென்றால் சுருதியும் சரி என்று பிள்ளை நம்பத் தொடங்கும். லாச்சப்பல் மாணிக்க விநாயகர் தேர்த் திருவிழாவில் தெருவில் வாசித்துப் போகும் நாதஸ்வரக்காரருக்கு இதன் அபத்தம் தெரியும். மூச்சின் சூட்டிலும் வெயிலிலும் குழலுக்குள் காற்றுச் சூடேறச் சூடேறச் சுருதி மேலே போகும். சீவாளி ஈரத்தைப் பொறுத்து மாறும். பெட்டியோ காலையில் வைத்த இடத்திலேயே பிடிவாதமாக நிற்கும். அந்த வேளையில் கையை நீட்டித் திருகத் தோதாக இருப்பதுதான் உண்மையான எளிமை. பொத்தான்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் அது வந்துவிடாது.

கருவி வேறு, இயந்திரம் வேறு என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துச் சொன்னவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கம்பளம் நெய்யும் தறி பாவு நூலை இழுத்துப் பிடித்துக் கொடுக்கிறது, நெய்வது விரல்கள், ஆகவே அது கருவி. விசைத்தறியோ வேலையின் மனிதப் பகுதியையே தான் எடுத்துக்கொள்கிறது, ஆகவே அது இயந்திரம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கிராமபோனையும் ஆர்மோனியத்தையும் அவர் விரும்பாததற்கும் இதுவே அடிப்படை. அவர் வெறுத்த பொருள்கள் சிலவற்றோடு நமக்கு இப்போது பகையில்லை. ஆனால் அவர் தந்த அளவுகோல் இன்னும் கூர்மை மழுங்காமல் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால், சுருதிப்பெட்டி தறியின் பக்கம் நிற்கிறது. அது சுருதியை இழுத்துப் பிடித்துக் கொடுக்கிறது. பாட்டை நெய்வது தொண்டை. சுருதியைத் தவிர எதையும் பாடகருக்காக அது தீர்மானிப்பதில்லை. அபஸ்வரம் பாடினால் திருத்தாது, நன்றாகப் பாடினால் புகழாது. விலகல் எவ்வளவு என்பதை அவருக்கே கேட்கும்படி செய்துவிட்டுத் தன் வேலையில் இருக்கும். குருவுக்குப் பக்கத்தில் இருந்து தம்புரா மீட்டும் சீடனிடம் நாம் எதிர்பார்ப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

விசைத்தறியின் பக்கம் நிற்பதற்கும் நமக்கு ஓர் உதாரணம் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் பூசை நேரத்தில் அதிரும் மின்மேளம். மோட்டார் சுழல, அதோடு பூட்டிய தண்டுகள் மேளத் தோலில் மாறி மாறி அடிக்க, பக்கத்தில் மணியும் தாளமும் சேர்ந்து ஒலிக்கும் அந்தச் சட்டகத்துக்கு ஒரே ஒரு சுவிட்ச். பொத்தான்களை எண்ணிப் பார்த்தால் உலகத்திலேயே எளிமையான இசைக்கருவி இதுதான். ஆனால் யாருக்கு எளிமை? தீபத்தைக் கையில் எடுத்த அர்ச்சகருக்கு, ஆள் தேட வேண்டாம் என்ற அளவில் எளிமை. பக்கத்தில் நின்று தேவாரம் பாடும் ஓதுவாருக்கு அது பெருந்தொல்லை. வேகத்தைக் குறைக்க வழியில்லை, ஒலியைத் தணிக்க வழியில்லை, பாட்டின் தாளத்தோடு அதற்கு உறவே இல்லை. கண்மூடி நிற்கும் அடியாரைப் பற்றி அதைச் செய்தவர் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆளில்லாத வேளையில் ஒரு சின்னக் கோயில் மௌனமாகக் கிடக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் யாரும் கேட்கத் தேவையில்லாத ஒலியாக மங்கல ஓசையை மாற்றியதுதான் அதன் பழுது. அந்தப் பழுதுக்குக் காரணம் மின்சாரம் என்று சொல்வது தவறு. பாவிப்பவர் யார் என்ற கேள்வியைச் சரியாகக் கேட்காத வடிவமைப்பே காரணம். தாளம் தெரிந்த ஒருவர் கையால் வேகத்தைப் பிடித்துக் கொடுக்கவும், பாட்டு வரும்போது அடங்கவும் அதில் வழி இருந்திருந்தால், நாம் அதைப் பற்றி வேறு விதமாகப் பேசிக்கொண்டிருப்போம்.

இந்த இடத்தில் ஒருவர் மறித்துக் கேட்கலாம்: மின்மேளம் தவில்காரரின் பிழைப்பைக் கெடுத்தது என்றால், நல்லது என்று நீங்கள் சொல்லும் சுருதிப்பெட்டி ஒத்துக்காரரின் பிழைப்பைக் கெடுக்கவில்லையா? கெடுத்தது. நாதஸ்வரத்தைப் போன்ற நீளக் குழல், வாசிக்க விரல்துளை இல்லை. அடித் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி கூட்டி, மூச்சு அறாமல் கன்னத்தில் காற்றைத் தேக்கி மணிக்கணக்காக ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டு நிற்பது ஒத்துக்காரரின் வேலை. அது கடும் உழைப்பு, குறைந்த கூலி, புகழ் கிடையாது. ஆனால் மேளக்காரர் குடும்பத்துப் பிள்ளைக்கு அதுவே பள்ளிக்கூடமும்கூட. பக்கத்தில் நின்று இரவிரவாகக் கேட்டுத்தான் ராக ஆலாபனை காதில் ஏறியது. பெட்டி வந்தபோது உழைப்பின் கொடுமையும் போனது, அந்தப் பள்ளிக்கூடமும் மூடப்பட்டது. இந்த இழப்பை எந்த வடிவமைப்பும் திருப்பித் தராது. அதற்குக் கோயில்தான் பொறுப்பேற்க வேண்டும். பெட்டியால் மிச்சமாகும் பணம் ஒரு மாணவரை மேடையோரம் உட்காரவைத்துக் கேட்கச் செய்வதற்குப் போனால் கணக்கு நேராகும். ஆகவே, ஒரு கருவி நல்லதா என்ற கேள்வி அதன் முகப்போடு முடிவதில்லை. அது விடுவித்த நேரத்தையும் கைகளையும் சமூகம் எதற்குக் கொடுத்தது என்பதும் அதில் அடக்கம்.

எளிமை என்று சொல்லும்போது யாருடைய பழக்கத்தை அளவாக வைத்துச் சொல்கிறோம் என்பது அடுத்த சிக்கல். 1960களின் நடுவில் அமெரிக்காவில் ராபர்ட் மூக்கும் டான் புக்லாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சிந்தசைசர் செய்தார்கள். மூக் அதோடு பியானோக் கட்டைகளை இணைத்தார். பார்த்தவுடன் எவரும் வாசிக்கத் தொடங்கினார்கள், உலகம் அவர் பக்கம் போனது. அந்தக் கட்டைகள் புதிய ஒலியைப் பழைய இசைக்குள் அடைத்துவிடும் என்று எண்ணிய புக்லா, தொட்டால் உணரும் தகடுகளை வைத்தார். 1983இல் கருவிகளுக்கிடையே பொது மொழியாக வந்த மிடி, மூக்கின் வழியை உலக விதியாக்கியது: 0 முதல் 127 வரை எண்கள், ஒவ்வோர் எண்ணும் ஒரு பியானோக் கட்டை. பியானோ படித்தவருக்கு அது நீரோட்டம் போல இலகு. தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பாடுபவருக்கோ, அந்த அசைவு முழுவதும் ஓர் எண்ணிலிருந்து விலகிய பிழையாகவே பதிவாகும். கீபோர்டில் கர்நாடக சங்கீதம் வாசிக்கும் பிள்ளைகள் வலக்கையால் கட்டையை அமத்தி இடக்கையால் பிட்ச் வீலை உருட்டிக் கமகம் கொண்டுவருவதைப் பார்த்திருப்போம். அது திறமை, ஆனால் வேறொரு மரபுக்கு வகுத்த வாசலில் குனிந்து நுழையும் திறமை. கட்டையே இல்லாத, விரல் வழுக்கிச் செல்லும் பரப்பைக் கொண்ட லிப்போல்ட் ஹேகனின் கண்டினுவம் கருவியை ஏ. ஆர். ரகுமான் 2009இல் வெளிவந்த 'டெல்லி-6' படப் பாட்டில் பயன்படுத்தினார். ஒவ்வொரு விரலின் அசைவையும் தனித்தனியே கொண்டுசெல்லும் விரிவு மிடிக்கு 2018இல் வந்துசேர்ந்தது. ஆக, எளிமை என்பது ஒரே அளவாகத் தைத்து எல்லோருக்கும் போடும் சட்டையாக இருக்க முடியாது. எங்கள் இசைக்கு எளிமையான கருவி எது என்று நாங்களே சொல்லாவிட்டால், வேறொருவரின் எளிமை எங்களுக்கு விதியாகிவிடும்.

கடினமான கருவியே ஆன்மிகப் பாதையாக அமைந்ததற்குப் பாரிசிலிருந்தே உதாரணம் காட்டலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். 1932இல் பாரிசில் பிறந்த எலியான் ரதீக், ஏஆர்பி 2500 என்ற பெரிய சிந்தசைசரோடு பல ஆண்டு தனித்திருந்து, அசைகிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு மெதுவாக மாறும் நீண்ட இசைகளைச் செய்தவர். 1970களில் திபெத்திய பௌத்தத்தைத் தழுவினார். 1993இல் நிறைவான அவருடைய முப்பகுதிப் படைப்பின் நடுப்பகுதிக்கு 'கைலாஷ' என்று பெயர். சைவருக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு சிறு மாற்றத்துக்காக நெடுநேரம் காத்திருந்து பதிவு செய்த அந்த உழைப்பு தவம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் எந்தச் சிரமத்தை ஏற்றார், எதைத் தவிர்த்தார் என்று கிட்டப் போய்ப் பார்த்தால் உதாரணம் நம் பக்கம் திரும்புகிறது. ஏஆர்பி 2500இல் இணைப்புக் கம்பிகளின் காடு கிடையாது. வரிசை வரிசையான நகர்த்திகளால் இணைப்புகள் செய்யப்படும், எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். அந்தக் காலத்துக்கு அது பாவிப்பவரை மதித்த வடிவமைப்பு. அதோடு வந்திருக்க வேண்டிய கட்டைப் பலகையை அவர் வேண்டாம் என்று விட்டுவிட்டார், ஏனென்றால் தன் இசைக்கு அது வழிமறிப்பு. தேவையில்லாத சிரமத்தையும் தேவையில்லாத வசதியையும் ஒருசேரத் தள்ளிவிட்டு, கேட்பது என்ற ஒரே சிரமத்தை மட்டும் வைத்துக்கொண்டார். தவத்துக்கும் வதைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். தவத்தில் சிரமத்தை மனிதர் தெரிந்தெடுக்கிறார். மோசமாகச் செய்த கருவியில் சிரமம் அவர்மேல் சுமத்தப்படுகிறது.

சுமத்தப்படும் சிரமம் எல்லோர்மேலும் ஒரே அளவில் விழுவதுமில்லை. கண் தெரிபவருக்குத் தொடுதிரை ஒரு வசதி. கண் தெரியாதவருக்கு அது வழுவழுப்பான ஒரு சுவர். விரலால் தடவி எண்ணக்கூடிய திருகும், திருப்பும்போது "டக்" என்று நிற்கும் சுவிட்சும் அவருக்குக் கருவியையே திறந்துவிடுகின்றன. கை நடுங்கும் வயதான பாட்டாசிரியருக்கும், மேடை இருட்டில் தடவித் தேடும் கலைஞருக்கும் அதே திருகு உதவும். 2005 பெப்ரவரி 11இல் வந்த பிரெஞ்சுச் சட்டம் பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் நுழைய வழி வேண்டும் என்று கேட்கிறது. கட்டடத்துக்குள் இருக்கும் வாத்தியத்தைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்து மக்களுக்கோ இந்தக் கேள்வி ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. கண்பார்வையற்ற யாழ்பாடி ஒருவர் பாடிப் பரிசிலாகப் பெற்ற நிலமே யாழ்ப்பாணம் என்பது யாழ்ப்பாண வைபவமாலை சொல்லும் கதை. வரலாறாகக் கொள்ளாவிட்டாலும், தன்னைப் பற்றி அந்தச் சமூகம் சொல்லத் தெரிந்தெடுத்த கதை. திருவாரூர் வடவாசலையும் இங்கே ஒரு தரம் கடுமையாகக் கேட்டுவிட வேண்டும். பாணருக்கு வாசல் கிடைத்தது, சரி. ஏன் எல்லோரும் போகும் வாசல் கிடைக்கவில்லை? பிறப்பைக் கணக்குப் பார்த்த காலத்தின் தழும்பு அதில் இருக்கிறது. கருவிகளிலும் அதே தழும்பு விழும். இயலாதவருக்கென்று ஒரு தனி மாதிரி செய்து, அதை விலை கூட்டி, மூலையில் வைப்பது வடவாசல். எல்லோரும் வாங்கும் பெட்டியையே கண் தெரியாதவரும் கை நடுங்குபவரும் கையாளும்படி செய்வதுதான் பொது வாசல். பிந்தியதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கடைசியாக ஒரு தடை. எவ்வளவுதான் நன்றாகச் செய்தாலும் கருவி இறைவனுக்கு முன்னால் ஒரு பொருள்தானே, அதற்கு இத்தனை பேச்சு ஏன் என்று கேட்கலாம். இதற்கும் அதே பாணர் கதையிலேயே விடை இருக்கிறது. சம்பந்தரின் பதிகங்கள் யாழில் ஏறுவதால்தான் சிறக்கின்றன என்று தம் உறவினர் பேசக் கேட்டு நடுங்கிய பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரை வேண்டுகிறார். திருத்தருமபுரத்தில் அவர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை. பாணர் யாழை உடைக்க ஓங்குகிறார். சம்பந்தர் தடுத்து, கருவியில் அடங்கிய அளவுக்கு வாசியுங்கள் என்கிறார். கருவிக்கு எல்லை உண்டு என்பதைப் பாணர் ஏற்க வேண்டியிருந்தது. எல்லை உண்டு என்பதற்காகக் கருவியை உடைக்கக் கூடாது என்பதையும் ஏற்க வேண்டியிருந்தது. கருவிகளைப் பற்றிய முழுமையான சமயப் பார்வை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கருவியே பாட்டின் அளவு என்று நினைப்பவர் பன்னிரண்டு கட்டைகளுக்குள் ராகத்தைச் சிறைவைப்பார். கருவி தீட்டு என்று நினைப்பவர் தொடர்மாடியில் பாட ஆசைப்படும் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புவார்.

ஆகவே ஒரு கோயிலோ இசைப்பள்ளியோ மின்கருவி ஒன்றை வாங்கும்போது விலைக்கும் பெயருக்கும் முன்னால் நாலு கேள்வி கேட்டால் போதும். எந்தச் சிரமத்தை இது நீக்குகிறது, இசைக்கு வெளியே உள்ளதையா, இசைக்குள்ளே உள்ளதையா? காது பிழை கண்டால் கை உடனே திருத்த இதில் வழி உண்டா? இதைச் செய்தவர் மனதில் இருந்தவர் யார், சுவிட்ச் போடுபவர் மட்டுமா, பாடுபவரும் கேட்பவருமா? இதைத் தொட முடியாமல் வெளியே நிற்கப்போகிறவர் எவரேனும் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு நல்ல விடை தரும் பெட்டியைப் பூசை மண்டபத்தில் வைப்பதற்கு ஒருவரும் கூசத் தேவையில்லை. விடை தராததைச் செய்பவரிடமே திருப்பிக் கொடுத்து, என்ன குறை என்று எழுதி அனுப்ப வேண்டும். கட்டை எண்களை முகப்பில் போடும்படியும், நுணுக்கத் திருகை வெளியே கொண்டுவரும்படியும் கேட்க, பாவிக்கும் நமக்கு உரிமை இருக்கிறது. பொற்பலகை தானாக முளைத்து வரவில்லை. நரம்பு தளருமே என்று ஒரு குரல் எடுத்துச் சொன்ன பிறகுதான் அது வந்தது. அந்தக் குரலைக் கொடுக்கும் வேலை இப்போது பாடுபவர்களுடையது.